மூடுபனிக் கட்டணம்

சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு முதல் தக்காளி லூயிஸின் நெற்றியில் பட்டு உடைந்தது.

நல்ல தக்காளி. கிலோ முப்பத்தெட்டு மலேசிய வெள்ளி. எறிந்தவர் கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். லூயிஸை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. எறிந்துவிட்டு, "சாரி அங்கிள்" என்றார். கூடையைப் பார்த்தார். இன்னும் ஒன்று இருந்தது. வாங்கியதை வீணாக்க மனம் வராமல் அதையும் எறிந்தார்.

"கண்ணை மூடாதீங்க அங்கிள்," என்றாள் பக்கத்தில் நின்ற வனஸ்ஸா. "மூடினீங்கன்னா நாம கேக்கலன்னு விருந்தினருக்குத் தோணும்."

வனஸ்ஸா, ஆல்டர்மூர் பேரங்காடியின் கேமரன் மலைக் கிளையை நடத்துபவள். ஆல்டர்மூரில் மேனேஜர் என்று யாரும் இல்லை. அவள் அனுபவப் பொறுப்பாளர். சாமான் வாங்க வருகிறவர் விருந்தினர். விலை என்ற சொல்லும் அங்கே கிடையாது. அட்டைகளில் 'உங்கள் பங்களிப்பு' என்று போட்டு, அதற்குக் கீழே எண்ணைப் போட்டிருப்பார்கள். எண் மட்டும் பழைய மாதிரியே படிக்கும்படி இருக்கும்.

லூயிஸ் கண்ணைத் திறந்தான். விதை ஒன்று இமையில் ஒட்டியிருந்தது. மத்தியானம் வரை நின்றால் போதும் என்று நினைத்துக்கொண்டான்.

பிரிஞ்சாங் டவுனுக்கு வெளியே, தேயிலைச் சரிவின் அடியில் இருந்த பழைய கொழுந்துக் கொட்டகைதான் இப்போது ஆல்டர்மூர். கொழுந்து மூட்டைகளை நிறுத்த இடம் அது. லூயிஸ் அங்கே நிறுவைக் கிராணியாக, எடை பார்த்து எழுதும் குமாஸ்தாவாக, இருந்தான். தோட்டத்தில் மிஷின் வந்தது. மூட்டைகள் லோரியோடு நேரே பேக்டரிக்குப் போய் அங்கேயே எடை பார்க்கப்பட்டன. கொட்டகைக்கும் கிராணிக்கும் ஒரே நாளில் வேலை போனது. தோட்டம் கொட்டகையை ஆல்டர்மூருக்குக் குத்தகைக்கு விட்டது. பின்னால் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளையும் சேர்த்து விட்டது. அந்த வரிசையில் மூன்றாவது வீடு லூயிஸுடையது. அவனுடையது என்றால், அவன் பிறந்தது அங்கே, கல்யாணம் முடிந்து பார்பராவைக் கூட்டிவந்தது அங்கே. அவ்வளவுதான்.

குத்தகையோடு ஒரு விதி வந்தது. ஆல்டர்மூரில் வேலை பார்க்கிறவருக்கு மட்டுமே அந்த வரிசையில் வீடு. வேலையில் சேர்ந்தவருக்கு முதலில் காவி நிற முன்துணி. காவித் துணிக்காரர் தற்காலிகம். வேலை நிரந்தரமானால் பச்சைத் துணி. கோலாலம்பூரிலிருந்து வட்டார இயக்குநர் டொனால்ட் நேரில் வந்து தன் கையால் இடுப்பில் கட்டிவிடுவார். பச்சைத் துணிக்குத்தான் வீடு. காவித் துணிக்கு வீடு இந்த மாதக் கடைசிவரை.

அவர்கள் மகள் டிஃபனிக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வரப்போகிறாள். பார்பரா தொட்டிலுக்கு விட்டத்தில் கயிறு போடாமல் இருந்தாள்.

"பச்சைத் துணி எப்பங்க வரும்?" என்று தினமும் கேட்டாள்.

"வரும்."

"பிள்ளை முந்திக்கும் போலருக்கு."

லூயிஸை வேலைக்கு எடுத்தவர் டொனால்ட்தான். கொட்டகையின் இரும்பு விட்டத்தில் பழைய தொங்கு தராசு கொக்கியும் சங்கிலியுமாக அப்படியே இருந்தது. அதை அவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். "இதற்கு ஒரு முகம் வேண்டும்," என்றார். லூயிஸ் மரபு முகமானான். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, வட்டத் தொப்பி கொடுத்தார்கள். அது துரைமார் போட்ட உடுப்பு, கிராணி போட்டதில்லை என்று லூயிஸ் சொல்லிப் பார்த்தான்.

டொனால்ட் கோபப்படவில்லை. அவர் ஏட்டில் எழுதிய தமிழையே வாயாலும் பேசுவார். "மிஸ்டர் லூயிஸ், விருந்தினர்கள் பழைய காலத்தைப் பார்க்க வருகிறார்கள். பழைய காலத்தில் யார் எதை உடுத்தினார்கள் என்பது பழைய காலத்தின் பிரச்சினை."

காய்கறி எல்லாம் பக்கத்துக் கோலா தெர்லாவில் விளைந்தது. வெட்டிய கோசு லோரியில் ஏறி மலையிறங்கி, கோலாலம்பூர் பக்கம் ஷா ஆலாம் போகும். அங்கே குளிப்பாட்டி, குளிர் அறையில் படுக்கப் போட்டு, இடுப்பில் நாடா கட்டி, வந்த வழியே மேலே அனுப்புவார்கள். பல நாள் அதே லோரி, அதே டிரைவர். ஆல்டர்மூரின் அடுக்குகளுக்கு மேலே குழாய் ஓடியது. சற்றைக்கொரு தரம் ஒலிபெருக்கியில் இடி இடிக்கும். பிறகு குழாயிலிருந்து பனிபோல் நீர் இறங்கி காய்கறியை நனைக்கும். வெளியே நிஜ மழை பெய்துகொண்டிருக்கும். அதில் நனைந்த கோசு ஒரு வெள்ளி. இதில் நனைந்த கோசு பதினான்கு.

கடை திறந்த அன்றே லூயிஸ் தப்புச் செய்தான்.

செல்லம்மா உள்ளே வந்தாள். கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவள். அந்தக் கொட்டகையில் அவள் மூட்டைக்கு எடை கூவியவன் லூயிஸ். சும்மா பார்க்கத்தான் வந்தாள். வந்ததற்கு ஒரு கட்டுக் கீரை எடுத்தாள். கீரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. லூயிஸ் அதைக் கொக்கியில் மாட்டினான். முள் நின்றது. வாய் தன்பாட்டில் கூவியது.

"ஒரு கிலோ இருநூறு. தண்ணிக்கு முன்னூறு கழிவு. தொள்ளாயிரம்."

தோட்டத்தில் அதுதான் வழக்கம். கொழுந்து ஈரமாக இருந்தால் எடையில் கழித்துவிட்டுத்தான் பறித்தவள் பேரில் எழுதுவார்கள். கேமரன் மலையில் கொழுந்து ஈரமில்லாத நாள் என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

செல்லம்மா அசையாமல் நின்றாள். "கிராணி, திருப்பிச் சொல்லு."

"தொள்ளாயிரம்க்கா."

"கழிச்சியா?"

"ஈரமா இருக்கில்ல."

"எனக்குக் கழிச்சியா?"

லூயிஸுக்கு அப்போதும் விளங்கவில்லை. செல்லம்மா அங்கேயே கீரைக் கட்டோடு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சாயங்காலத்துக்குள் லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். காயை எடுத்து, குழாய் இடிக்கும்வரை காத்திருந்து, நன்றாக நனையவிட்டு, தராசுக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலில் கோலாலம்பூரிலிருந்து பாராட்டு வந்தது. பிறகு கணக்கு போயிற்று. வனஸ்ஸா லூயிஸை அறைக்குக் கூப்பிட்டாள்.

"அங்கிள், தண்ணியவா கழிச்சீங்க?"

"ஈரம்னா கழிக்கிறதுதானே மேடம். தோட்டத்துல அப்படித்தான்."

"அது நம்ம வாங்கறப்ப அங்கிள். இது நம்ம விக்கறப்ப."

அன்று மாலை டொனால்ட் திரையில் தோன்றி ஊழியர் எல்லாரிடமும் பேசினார். "நீர் குறை அல்ல. நீர் சேவை. சேவையை இலவசமாகத் தருவது விருந்தினரின் தன்மானத்தைத் தாக்குவது. ஆல்டர்மூர் யாருடைய தன்மானத்தையும் தாக்காது."

அடுத்த வாரம் ரசீதில் ஒரு புது வரி வந்தது. மூடுபனிக் கட்டணம்.

பெண்கள் உதற ஆரம்பித்தார்கள். கோசைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்கள். கீரையைத் தூணில் அடித்தார்கள். சாலட்டு இலையை முந்தானையில் துடைத்தார்கள். தரையெல்லாம் தண்ணீர். பினாங்கிலிருந்து வந்த ஒருவர் வழுக்கி விழுந்து முன்பல் உடைந்து ரத்தம் கொட்டியது. அவருக்கு மிருதுவான பாலாடைக்கட்டியில் தள்ளுபடி தரப்பட்டது. உதறக் கூடாது என்று பலகை வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை. பலகையை எடுத்துவிட்டு உதறல் கட்டணம் வைத்தார்கள்.

எதிர்ச் சாரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் யாசீன் வெங்காயம் வாங்க வந்தான். அன்று பாசார் சந்தையில் வெங்காயம் தீர்ந்திருந்தது. ரசீதைப் பார்த்தான்.

"ஏங்க, வெங்காயத்துல எங்க லா தண்ணி? காஞ்சு கெடக்கு."

"மூடுபனி கடை முழுக்க இருக்கு சார்," என்றாள் கல்லாப்பெண். "நீங்களும் சுவாசிச்சீங்கல்ல."

யாசீன் கொஞ்சம் யோசித்தான். பிறகு வெங்காய மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி கல்லா இயந்திரத்தில் போட்டான். காவலாளி அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். எலும்பு சத்தம் கேட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சாயங்காலம் கடையின் கண்ணாடிச் சுவரில் கோசுகள் வந்து விழுந்தன. காலையில் சுவர் இல்லை. கையில் கட்டோடு யாசீன் எதிரே நின்று, கூடியவர்களுக்குத் தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்தான்.

செல்லம்மா மறுபடி வந்தாள். கீரையைக் கொக்கியில் மாட்டினாள்.

"கழி."

"இப்ப இல்லக்கா. உத்தரவு."

"எங்கிட்ட கழிச்சப்பவும் உத்தரவுதானே?"

"ஆமாக்கா."

அவள் அடுக்கிலிருந்து ஒரு வெள்ளை முள்ளங்கியை உருவி லூயிஸின் காதில் அடித்தாள். "இது கீரைக்கு," என்றாள். முள்ளங்கி உடைந்தது. கையில் மிஞ்சிய பாதியால் மறுபடி அடித்தாள். "இது கொழுந்துக்கு."

வீட்டில் பார்பரா சுடுதண்ணீரில் துணி நனைத்துக் காதில் ஒற்றினாள்.

"எதால அடிச்சா?"

"முள்ளங்கி."

"காசு கட்டினாளா?"

"கட்ட வச்சுட்டாங்க. உடைஞ்சா வாங்கினதா அர்த்தமாம்."

"நீங்க ஒன்னும் எதிர்த்துப் பேசலயே?"

"இல்ல."

"பேசாதீங்க. துணி வரட்டும். அப்புறம் நானே போயி அவளக் கேக்கறேன்."

யாரும் தின்னாத அந்த ஒரு முள்ளங்கி கோலாலம்பூரில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது. விருந்தினர் ஒருவர் பசியில்லாமல் காய் வாங்கியிருக்கிறார். வாங்கியதும் திருப்தியோடு வெளியே போயிருக்கிறார். ஆல்டர்மூரின் வரலாற்றில் இரண்டும் சேர்ந்து நடந்ததில்லை.

டொனால்ட் செவிமடுக்கும் வாரத்தை அறிவித்தார். "விருந்தினரின் கோபம் நமக்கு எதிரானது என்று நினைப்பது சிறுமை. அது நம் கடையில் பிறந்தது. நம் அடுக்குகளுக்கு நடுவில் வளர்ந்தது. நாம் உண்டாக்கிய பொருளை நாம் ஏன் வெளியே விட வேண்டும்?"

தராசுக்குக் கீழே ஒரு மேடை போட்டார்கள். முன்னால் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எறியலாம். எறிவதற்குத் தக்காளியும் கனிந்த பப்பாளியும் வைத்த கூடைக்குக் கோபக் கூடை என்று பெயர். உருளைக்கிழங்கு சேர்த்த கூடைக்கு ஆழ்ந்த கோபக் கூடை. மேடையில் நிற்க ஒரு முகம் வேண்டியிருந்தது. முகம் ஏற்கெனவே சம்பளத்தில் இருந்தது.

லூயிஸ் தலைக்கவசம் கேட்டான்.

"அது அவங்க பேசறப்ப நாம கதவ மூடற மாதிரி அங்கிள்," என்றாள் வனஸ்ஸா. "சனிக்கிழமை டொனால்ட் சார் வராரு. மத்தியானம் பச்சைத் துணி. நீங்க ஆசப்பட்டதுதானே?"

வாரம் முழுக்க லூயிஸ் நின்றான். ஊர்க்காரர் ஒருவர்கூடக் கோபக் கூடை வாங்கவில்லை. கோபப்படக் காசா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வாங்கியதெல்லாம் சுற்றுலாப் பேருந்தில் வந்தவர்கள். யார்மீதும் கோபமில்லாதவர்கள். நன்றாகக் குறி பார்த்து எறிந்தார்கள். உருளைக்கிழங்கு பட்டு இடது விலா வீங்கியது. மூச்சு இழுத்தால் குத்தியது. ஒரு குழந்தை எறிந்த பப்பாளி மார்பில் விழுந்தபோது அதன் தாய் கைதட்டி, படம் எடுத்து, லூயிஸையும் சிரிக்கச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை ஏழு நாற்பதுக்கு விழுந்த தக்காளி, வாரத்தின் கடைசி நாளுக்கு உரியது.

பத்தரைக்கு டொனால்ட் வந்தார். மடித்த பச்சைத் துணி அவர் தோளில் கிடந்தது. பார்பரா கோயிலுக்குக் கட்டும் புடவையில் வந்து பின்வரிசையில் நின்றாள். டிஃபனி ஈப்போவிலிருந்து வந்துவிட்டாள், வெளியே காரில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று சைகையால் சொன்னாள்.

அப்போது கோலா தெர்லாவிலிருந்து ஒரு லோரி வந்து வாசலில் நின்றது. விலை படுத்தால் தோட்டக்காரர்கள் கழித்துக் கொட்டும் காய். அழுகிய தக்காளி, கறுத்த கோசு. லயத்துப் பெண்களும் டவுன் ஆட்களும் அதிலிருந்து கை நிறைய எடுத்துக்கொண்டார்கள்.

வனஸ்ஸா வாசலை மறித்தாள். "வெளிப் பொருள் உள்ள அனுமதி இல்ல. கோபப்படறவங்க நம்ம பொருள வாங்கித்தான் கோபப்படணும்."

"இதும் ஒங்க பொருள்தான்மா," என்றாள் செல்லம்மா. "ஷா ஆலாம் போகாம நேரா வந்துருச்சு."

காவலாளி அவளைத் தள்ளினான். அவள் விழுந்தாள். அவள் விழுந்ததும் கதவும் விழுந்தது. காவலாளியை மிதித்துக்கொண்டு கூட்டம் உள்ளே வந்தது. கண்ணாடிப் புட்டிகள் வெடித்தன. ஆலிவ் எண்ணெயும் ரத்தமும் தரையில் கலந்து ஓடின. யாரோ வீசிய கறுப்பரிசிச் சாடி லூயிஸின் புருவத்தைப் பிளந்தது. அவன் மேடையைவிட்டு இறங்கவில்லை. மத்தியானத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

டொனால்ட் ஒலிவாங்கியோடு மேடையில் ஏறினார். பயப்படவில்லை. கூட்டத்தைக் கண்டால் பேசும் பழக்கம் உள்ளவர்.

"நண்பர்களே, உங்கள் வலி எனக்குத் தெரியும். இந்தப் பங்களிப்புகள் அதிகம் என்கிறீர்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். அதனால்தான் என் வீட்டுக்கு நான் இங்கே வாங்குவதில்லை. ஆனால் ஆல்டர்மூர் வாங்குவதற்கான இடம் மட்டுமா? இங்கே வாங்க முடியாதவர்களும் எங்களுக்கு முக்கியம். அவர்கள் வெளியே நின்றால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு உள்ளே இருப்பதாகத் தோன்றும்."

கைதட்டலுக்காக நிறுத்தினார். செல்லம்மா பின்னாலிருந்து வந்து தராசுக் கொக்கியை அவர் இடுப்பு பெல்ட்டில் மாட்டினாள். நாலு பெண்கள் சங்கிலியை இழுத்தார்கள். வாழ்நாள் முழுக்க மூட்டை ஏற்றிய கைகள். டொனால்ட் குப்புறத் தொங்கியபடி மேலே போனார். ஒலிவாங்கி விழுந்து கூவியது. பச்சைத் துணி எண்ணெயில் விழுந்தது.

முள் ஆடி நின்றது. கூட்டம் அமைதியானது. தராசு நின்றால் சத்தம் போடாமல் காத்திருப்பது அங்கே எல்லாருக்கும் பழக்கம்.

"எண்பத்தாறு," என்றான் லூயிஸ். அவன் சொல்ல நினைக்கவில்லை.

ஒலிபெருக்கியில் இடி இடித்தது. குழாயிலிருந்து பனி இறங்கி டொனால்டை நனைத்தது. செல்லம்மா லூயிஸைப் பார்த்தாள்.

"தண்ணிக்கு ரெண்டு கழிவு. எண்பத்து நாலு."

அதற்குப் பிறகு அடித்தார்கள். கோசால், கையால், உடைந்த அடுக்கின் கம்பியால். டொனால்டின் மூக்கு ஒரு பக்கமாகப் போனது. ஒரு காது பாதி தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அவர் சங்கிலியோடு சுற்றி அடுத்தவரிடம் போனார். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் சுற்றுலாக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கல்லாவுக்குப் போய் ஆழ்ந்த கோபக் கூடை ஒன்று கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

வனஸ்ஸா கோலாலம்பூருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கேட்ட கேள்வி ஒன்றுதான். கல்லா ஓடுகிறதா? ஓடுகிறது என்றாள். வரிசை எவ்வளவு தூரம் நிற்கிறது என்றும் சொன்னாள். போனைக் கீழே வைத்தபோது அவள் வட்டார இயக்குநர்.

அடிப்பவர்களைக் கை காட்டி நிறுத்தினாள். தராசின் முன்னால் நின்ற தோரணைக்கு அவர்கள் நிறுத்தினார்கள். தரையிலிருந்து பச்சைத் துணியை எடுத்து உதறி, மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"அங்கிள், கே.எல்.ல ரொம்ப சந்தோஷம். ஆனா இதுவரைக்கும் விழுந்ததெல்லாம் கணக்குல வராது. முறையா ஆரம்பிக்கணும். முதல் அடி மரபு முகம் அடிக்கணும். அப்புறம் விருந்தினருங்க வரிசையா வரட்டும்."

"மேடம், ஆளு செத்துருவாரு."

"நீங்க அடிச்ச கையோட துணிய நானே கட்டி விடறேன் அங்கிள். வீட்டுச் சாவியும் இன்னிக்கே."

குளிர்ப்பெட்டியிலிருந்து உறைந்த ஆட்டுத்தொடை ஒன்று வந்தது. நியூசிலாந்து ஆடு. இரும்புபோல் இருந்தது. கல்லாப்பெண் அதை முதலில் இயந்திரத்தில் காட்டி எண்ணைப் பதிந்தாள். காவித் துணிக்காரருக்கு ஊழியர் தள்ளுபடி கிடையாது என்று மெதுவாகச் சொன்னாள்.

லூயிஸ் அதைக் கையில் வாங்கினான். குளிர் விரலைக் கடித்தது. கூட்டத்துக்குப் பின்னால் பார்பரா நின்றாள். வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் அவள் தலையை அசைக்கவில்லை. உடைந்த கண்ணாடிச் சுவர் வழியே கார் தெரிந்தது. டிஃபனி கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் மேடையில் ஒரு அடி முன்னால் வைத்தான். சங்கிலி மெல்லச் சுற்றி டொனால்டின் முகத்தை அவன் பக்கம் கொண்டுவந்தது. ஒரு கண் மூடியிருந்தது. வாயிலிருந்து ரத்தமும் தண்ணீரும் சொட்டின. அந்த வாயிலிருந்து லூயிஸ் அதுவரை கேட்காத ஒரு தமிழ் வந்தது.

"அண்ணே, நானும் லயத்துல பொறந்தவந்தாண்ணே. இதே மலையில, ரிங்லெட்டுல. எங்கப்பாவுக்கு வேல போனப்ப எங்க சட்டி பானையெல்லாம் ரோட்டுல தூக்கிப் போட்டாங்க, எங்கம்மா மழையில நின்னுச்சு. வீடு போனா ஆளு எதுக்கும் துணிஞ்சிருவான்னு எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சுதான் அந்த வீட்டு விதிய நான் போட்டேன். நீ அடிக்க மாட்டல்லண்ணே?"